கல்லில் எண் இருக்கிறது, பெயர் இல்லை

முதல் உலகப் போர் முடிந்த கையோடு ஆங்கிலேய அரசு இந்தியக் கிராமங்கள் பலவற்றில் சிறிய கல்பலகைகளைப் பதித்தது. பழைய கட்டடச் சுவர்களில் அவற்றில் சில இன்றும் இருக்கின்றன. வாசகம் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான்: இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் 1914-1919 பெரும்போருக்குப் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள். ஊர்ப் பெயரையும் இரண்டு எண்களையும் மாற்றினால் அடுத்த ஊருக்கான கல் தயார். போனவர் யார், எந்தத் தெரு, யார் மகன், எந்த நாட்டில் செத்தார், எரித்தார்களா புதைத்தார்களா என்பது எதுவும் அதில் கிடையாது. அந்த ஊர்ப் பிள்ளை ஒருவன் இன்று கல்லைப் படித்தால் தன் ஊரில் மூன்று பேரோ ஐந்து பேரோ செத்தார்கள் என்று தெரிந்துகொள்வான். அவர்களில் ஒருவர் தன் கொள்ளுத்தாத்தாவா என்று தெரிந்துகொள்ள அந்தக் கல் அவனுக்கு உதவாது.

கிராமத்துக் கல் சிறியது, இடம் போதவில்லை என்று சமாதானம் சொல்லலாம். இராக்கின் பசராவில் எழுப்பிய நினைவுச்சின்னத்துக்கு அந்தச் சமாதானம் செல்லாது. மெசபடோமியப் போர்முனையில் மாண்டு, புதைத்த இடம் தெரியாமல் போன 40,000-க்கும் மேற்பட்டவர்களுக்கான சின்னம் அது. அவர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள். பிரிட்டிஷ் சிப்பாயின் பெயர் கல்லில் ஏறியது. இந்திய அதிகாரியின் பெயரும் ஏறியது. சாதாரண இந்தியச் சிப்பாய்க்குக் கிடைத்ததோ, அவனுடைய ரெஜிமெண்டின் பெயருக்குக் கீழே ஒரு கூட்டுத்தொகை. காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையம் தானே அமைத்த குழு 2021-ல் தந்த அறிக்கை இதை மூடி மறைக்கவில்லை. முதல் உலகப் போரில் மாண்ட இந்திய, ஆப்பிரிக்க, எகிப்திய வீரர்களில் 45,000 முதல் 54,000 பேர் வரை மற்றவர்களுக்குச் சமமாக நினைவுகூரப்படவில்லை என்றது அந்த அறிக்கை. குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரையிலும்கூட, பெயர் சொல்லி நினைவுகூரப்படாமலோ அறவே நினைவுகூரப்படாமலோ விடப்பட்டார்கள் என்றும், அன்றைய ஆட்சியாளர்களின் இனப் பாகுபாடு இதற்கு முக்கியக் காரணம் என்றும் அது எழுதியது. பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சர் நாடாளுமன்றத்தில் எழுந்து மன்னிப்புக் கேட்டார்.

ஆங்கிலேயன் செய்யத் தவறியதைச் சுட்டிக்காட்டி நாம் நிம்மதியாக இருந்துவிட முடியாது. போரில் விழுந்தவனுக்குக் கல் எடுப்பதில் நம்மைவிடப் பழைய மரபு உடையவர்கள் உலகில் அதிகம் இல்லை. கல்லைத் தேடிக் காண்பது தொடங்கி, அதற்கு நாள் குறித்து, நீராட்டி, நட்டு, படையலிட்டு, வாழ்த்துவது வரை ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் வகுத்து வைத்திருக்கிறது. செங்கம், தருமபுரி வட்டாரங்களில் கிடைத்த நடுகற்களில் அரசனின் ஆட்சியாண்டு, ஊர், வீரனின் பெயர், அவன் யாருடைய சேவகன், எந்தச் சண்டையில் எதற்காக விழுந்தான் என்பதெல்லாம் வெட்டப்பட்டிருக்கின்றன. அந்தச் சண்டைகள் பெரும்பாலும் மாட்டுக்காக நடந்தவை. பேரரசுகளின் தலையெழுத்தை அவை மாற்றவில்லை. மகேந்திரவர்ம பல்லவன் காலத்து எடுத்தனூர் நடுகல் எருமைகளைக் காக்கப் போய் மாண்டவனுக்கு எடுத்தது. திருடர்கள் இருவரைக் கடித்துக் காவல் நின்ற அவனுடைய நாய்க்கும் அதே கல்லில் உருவம் உண்டு. கோவிவன் என்ற அதன் பெயரும் உண்டு. ஏழாம் நூற்றாண்டில் இந்த மண்ணில் ஒரு நாய்க்குக் கிடைத்த இடம் இருபதாம் நூற்றாண்டில் இந்த மண்ணிலிருந்து போன மனிதனுக்குப் பசராவில் கிடைக்கவில்லை. அவனுடைய சொந்த ஊரிலும் கிடைக்கவில்லை.

சுதந்திர இந்தியா இதைச் சரிசெய்ததா? டெல்லி இந்தியா கேட் முதல் உலகப் போர்க் காலத்தில் மாண்ட 70,000-க்கும் மேற்பட்ட இந்திய வீரர்களுக்கென 1931-ல் திறக்கப்பட்டது. அதன் சுவர்களில் 13,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன. 2019 பிப்ரவரியில் அதன் அருகிலேயே தேசியப் போர் நினைவுச்சின்னம் திறக்கப்பட்டது. ஏறத்தாழ 26,000 பெயர்களைத் தனித்தனிக் கற்களில் பொறித்த, உண்மையிலேயே கண்ணியமான சின்னம் அது. ஆனால் அதன் கணக்கு சுதந்திரத்துக்குப் பிறகுதான் தொடங்குகிறது. 2022 ஜனவரியில் இந்தியா கேட்டில் ஐம்பது ஆண்டு எரிந்த அமர் ஜவான் ஜோதியைப் புதிய சின்னத்தின் சுடரோடு இணைத்தபோது, இந்தியா கேட்டில் இருப்பவை ஆங்கிலேயருக்காகப் போரிட்ட சிலரின் பெயர்கள் மட்டுமே, அது காலனி காலத்தின் அடையாளம் என்று அரசுத் தரப்பில் விளக்கம் சொல்லப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் பணியாற்றிய 25 லட்சம் இந்தியர்களின் நிலை இன்னும் மோசம். கட்டாய ஆள்சேர்ப்பு இல்லாமல் திரண்ட படைகளில் உலகிலேயே பெரியது அது. அதில் 87,000 பேர் மாண்டார்கள். அவர்களுக்கென இந்தியக் குடியரசு தன் கையால் எழுப்பிய, பெயர் பொறித்த தேசியச் சின்னம் ஒன்றுகூட இல்லை. டெல்லியிலும் கொஹிமாவிலும் இம்பாலிலும் சென்னை நந்தம்பாக்கத்திலும் இருப்பவை காமன்வெல்த் ஆணையம் பராமரிப்பவை. சென்னைக் கடற்கரைச் சாலையில், பேருந்து நிறுத்தத்துக்கே பெயர் கொடுத்த போர் நினைவுச்சின்னம் சென்னை மாகாணத்திலிருந்து போய் மாண்டவர்களுக்கானதுதான். அங்கேயும் போர்களின் பெயர் தெரிகிறது, போனவர்களின் பெயர் தெரிவதில்லை.

இந்த இரண்டு உலகப் போர்களில் மாண்ட நம்மவர்களைச் சுதந்திர இந்தியா, அதிலும் தமிழ்நாடு, பெயர் பெயராகத் தனக்குரியவர்களாக ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம். மலர்வளையம், இரண்டு நிமிட மௌனம், வீரவணக்கச் சுவரொட்டி ஆகியவற்றில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. இறந்தவன் யார் என்று தெரியாமல் அவனுக்குச் செய்கிற மரியாதை, செய்கிறவரின் திருப்திக்கு மேல் எதையும் தருவதில்லை.

யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்பதற்கு ஒருவரைப் பார்ப்போம். சுபேதார் சுப்பிரமணியன் காஞ்சிபுரம் வட்டாரத்துக்காரர். மெட்ராஸ் சேப்பர்ஸ் எனப்படும் பொறியாளர் படையில் 11-ஆம் ஃபீல்டு பார்க் கம்பெனியைச் சேர்ந்தவர். சேப்பர்களின் வேலை துப்பாக்கி தூக்குவதோடு முடிவதில்லை. பாலம் போடுவது, சாலை வெட்டுவது, எதிரி புதைத்த கண்ணிவெடியைத் தோண்டி எடுப்பது என எல்லாம் அவர்கள் தலையில்தான் விழும். 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில் மிக்னானோ அருகே அவருடைய குழு கண்ணிவெடி நிறைந்த நிலத்தில் பாதை ஒதுக்கிக்கொண்டிருந்தது. குழுவிலிருந்த லான்ஸ் நாயக் ஒருவரின் கால் ஒரு கண்ணிவெடியில் பட்டது. அந்த வகை வெடி மிதித்தவுடன் வெடிக்காது, சில விநாடி தாமதித்து வெடிக்கும். என்ன நடக்கப் போகிறது என்று அறிந்த சுப்பிரமணியன் ஓடவில்லை, அதன் மேல் பாய்ந்து விழுந்தார். வெடியின் முழு வேகத்தையும் அவர் உடல் வாங்கிக்கொண்டதால் சுற்றி நின்றவர்கள் பிழைத்தார்கள். அவருக்கு ஜார்ஜ் கிராஸ் விருது வழங்கப்பட்டது, அதை முதன்முதலில் பெற்ற இந்தியர் அவர்தான். விருது பெற்றவர் என்பதால் அவர் செய்தது ஆவணத்தில் நின்றது. அதே இத்தாலியில், பர்மாவில், வட ஆப்பிரிக்காவில் விருது இல்லாமல் செத்த சேப்பர்கள், லாரி ஓட்டிகள், சமையல்காரர்கள், ஸ்ட்ரெச்சர் தூக்கியவர்களின் கடைசி நிமிடத்தை யாரும் எழுதி வைக்கவில்லை.

இவர்கள் யாரென்று பார்த்தால்தான் இந்த மறதியின் காரணமும் தெரியும். 1880-களில் சென்னைப் படைக்கும் பிறகு இந்தியப் படை முழுவதற்கும் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ், தென்னிந்தியர்கள் சண்டைக்கு லாயக்கில்லாதவர்கள் என்ற முடிவுக்கு வந்தார். ‘போர்க்குடிகள்’ என்ற கோட்பாட்டை அவரைப் போன்றவர்கள் கொள்கையாகவே ஆக்கினார்கள். சென்னைப் படையின் காலாட்படைப் பிரிவுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கலைக்கப்பட்டு, அந்த இடங்கள் வடமேற்கு இந்தியர்களுக்குப் போயின. சேப்பர்கள் மட்டும் முழுதாகத் தப்பினார்கள், பயனியர்கள் சில காலம் நீடித்தார்கள். மண் வெட்டவும் பாலம் கட்டவும் ஆள் வேண்டுமே. அந்தப் பிரிவுகளில் பறையர் சமூகத்தினரும் கிறித்தவர்களும் கணிசமாக இருந்தார்கள். ஊருக்குள் செருப்பணிந்து நடக்க முடியாதவனுக்குப் பட்டாளத்தில் பூட்ஸ் கிடைத்தது. இரண்டாம் உலகப் போர் வந்து ஆள் போதாமல் போனபோது ராபர்ட்ஸின் கோட்பாடு காற்றில் பறந்தது. மெட்ராஸ் ரெஜிமெண்ட் மீண்டும் உருவானது, சென்னை மாகாணம் நாட்டிலேயே அதிகம் ஆள் அனுப்பிய மாகாணங்களுள் ஒன்றானது. போர் முடிந்ததும் அவர்களில் மிகப் பெரும்பாலோரை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஓய்வூதியத்துக்குரிய சேவைக் காலம் நிறையாதவர்கள் என்பதால் ஓய்வூதியம் இல்லை. நிலம் இல்லாத, எழுத்தறிவு குறைந்த, சாதியடுக்கில் கீழே வைக்கப்பட்ட குடும்பங்களில் பெட்டியில் வைத்துப் பாதுகாக்கக் காகிதமும் அதிகம் இருக்கவில்லை. வெள்ளைக்கார ஆணையம் ஒரு முறை விட்ட பெயரை, உள்ளூர் வரலாறு எழுதியவர்கள் இரண்டாம் முறை விட்டார்கள்.

இனி மறுப்புகளுக்கு வருவோம். அவற்றில் கனமானது முதலாவதுதான்: இவர்கள் கூலிக்குச் சண்டை போட்டவர்கள், நம்மை அடிமைப்படுத்திய பேரரசைக் காக்கப் போனவர்கள், இவர்களுக்கு எதற்கு மரியாதை? இந்தக் கேள்வியைத் தேசபக்தி வசனம் பேசித் தட்டிவிடக் கூடாது. 1919-ல் ஜாலியன்வாலாபாக்கில் துப்பாக்கியை நீட்டியதும் இந்தியப் படையின் சிப்பாய்களே. 1942-ல் வெள்ளையனே வெளியேறு இயக்கத்தை ஒடுக்கியதிலும் படைக்குப் பங்கு உண்டு. போருக்கு அரிசியும் படகும் போன 1943-ல் வங்காளத்தில் லட்சக்கணக்கானோர் பட்டினியால் செத்தார்கள். இதையெல்லாம் ஒப்புக்கொண்ட பிறகும் மறுப்பு நிற்கவில்லை. ஒரு போரின் நோக்கத்துக்கு, அதை நடத்த முடிவெடுத்தவர் பொறுப்பா, மாதம் சில ரூபாய்ச் சம்பளத்துக்கும் மூன்று வேளைச் சோற்றுக்கும் கைநாட்டு வைத்த இருபது வயதுக்காரன் பொறுப்பா? அன்றைய கலெக்டர் அலுவலக குமாஸ்தா, ரயில்வே ஊழியர், பள்ளி ஆய்வாளர், நீதிபதி எல்லோரும் அதே பேரரசிடம்தான் சம்பளம் வாங்கினார்கள். அவர்களில் பலருக்கு நாம் தெருப் பெயரும் சிலையும் வைத்திருக்கிறோம். படித்தவனின் அரசு வேலை உத்தியோகம், படிக்காதவனின் அரசு வேலை கூலிப்படை என்ற கணக்கு எனக்கு விளங்கவில்லை. போதாததற்கு, 1941-க்குப் பிறகு ஜப்பானியப் படை இந்திய எல்லைக்கே வந்தது. 1944-ல் கொஹிமாவிலும் இம்பாலிலும் அதைத் தடுத்து நிறுத்திய படையில் பெரும் பகுதி இந்தியர்கள். அவர்கள் நின்ற மண் அன்றும் இன்றும் இந்தியா.

இந்தச் சிக்கலுக்கு நம் ராணுவமே ஒரு வழி கண்டிருக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. சுதந்திரத்துக்குப் பிறகு ரெஜிமெண்டுகளின் பழைய போர் விருதுகளைத் தூக்கி எறியவும் இல்லை, அப்படியே கட்டி அழவும் இல்லை. இந்திய மண்ணில் இந்தியர்களை அடக்கியதற்காகவும் இந்திய அரசுகளை வீழ்த்தியதற்காகவும் கிடைத்த விருதுகளை ஏற்கத்தகாதவை என்று ஒதுக்கினார்கள். 1857-ஐ ஒடுக்கியதற்குக் கிடைத்தவை அந்த வகை. உலகப் போர்களில் ஈட்டியவற்றை வைத்துக்கொண்டார்கள். இன்றைய மெட்ராஸ் சேப்பர்ஸும் சீக்கிய, கூர்க்கா ரெஜிமெண்டுகளும் அந்த விருதுகளின் ஆண்டு நாள்களைக் கொண்டாடுகின்றன. 1947 அக்டோபரில் காஷ்மீருக்குப் பறந்த வீரர்கள் யார்? இரண்டாண்டுக்கு முன்வரை பர்மாவிலும் இத்தாலியிலும் இருந்த அதே பட்டாலியன்களின் ஆட்கள். அந்த ஆள் 1948-ல் செத்திருந்தால் தேசியச் சின்னத்தில் அவன் பெயர் இருக்கும். 1944-ல் செத்திருந்தால் இருக்காது. ராணுவம் தன் வரலாற்றில் எங்கே கோடு போட வேண்டும் என்று யோசித்துப் போட்டது. அரசு நாள்காட்டியைப் பார்த்துப் போட்டுவிட்டது.

அடுத்த மறுப்பு தமிழர்களிடம் அதிகம் கேட்பது: நேதாஜியின் இந்திய தேசிய ராணுவம்தான் நம் ராணுவம், எதிரணியில் நின்றவர்களை எப்படிச் சேர்ப்பது? மலேயா, பர்மா, சிங்கப்பூர்த் தமிழர்கள், குறிப்பாக ரப்பர் தோட்டத் தொழிலாளர்கள், அந்தப் படைக்குத் திரளாகப் போனார்கள். ஜான்சி ராணி ரெஜிமெண்டுக்குத் தலைமை ஏற்ற லட்சுமி சென்னைக்காரர். அந்த நினைவு தமிழ்க் குடும்பங்களில் இன்னும் சூடாக இருப்பது நியாயம். 1945 ஜூலையில் சிங்கப்பூர்க் கடற்கரையில் அந்தப் படையில் மாண்டவர்களுக்காக நேதாஜி அடிக்கல் நாட்டிய சின்னத்தை, நகரைத் திரும்பப் பிடித்த பிரிட்டிஷார் சில வாரங்களில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். இறந்தவனின் கல்லைப் பார்த்துப் பேரரசு பயந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஆனால் இந்த இரு படைகளையும் எதிரெதிர்ப் பட்டியலாக வைப்பது வரலாற்றுக்கு ஒத்துவராது. இந்திய தேசிய ராணுவத்தின் முதுகெலும்பே 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தபோது சிறைப்பட்ட இந்தியப் படைச் சிப்பாய்கள்தான். செங்கோட்டையில் விசாரிக்கப்பட்ட ஷா நவாஸ் கான், பிரேம் சேகல், குர்பக்ஷ் சிங் தில்லான் மூவரும் முன்பு இந்தியப் படையில் அதிகாரிகளாக இருந்தவர்கள். அதே சிறைமுகாமில் சேர மறுத்தவர்களும் உண்டு. அவர்களில் ஆயிரக்கணக்கானோரை ஜப்பானியர்கள் நியூ கினி, நியூ பிரிட்டன் தீவுகளுக்குக் கொத்தடிமைகளாகக் கப்பலேற்றினார்கள். பசியிலும் நோயிலும் சித்திரவதையிலும் செத்தவர்கள் போக மிச்சமாகத் திரும்பியவர்கள் கொஞ்சம் பேர். ஒரே பட்டாலியனில் அடுத்தடுத்துப் படுத்திருந்த இருவர், ஒரே இரவில் வெவ்வேறு முடிவு எடுத்தார்கள். ஒருவர் 1972 முதல் சுதந்திரப் போராட்டத் தியாகி ஓய்வூதியத்துக்கு உரியவரானார். மற்றவர் எந்தப் பட்டியலிலும் இல்லை. முதலாமவருக்குக் கொடுத்ததைக் குறைக்கச் சொல்லவில்லை. இரண்டாமவரின் பெயரையும் எழுதச் சொல்கிறேன். ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ அந்தக் கடல்வெளியில் சிக்கிய தமிழர்களை எந்த அணியின் கொடிக்குள்ளும் அடைக்காமல் எழுதிக் காட்டியது. நாவலாசிரியருக்கு முடிந்தது அரசுக்கு முடியாதா?

காலனி காலத்துப் போர்வீரர்களை நினைவுகூர்வது கொள்கைக்கு முரண் என்றால், அந்தக் கொள்கையை அரசாங்கங்களே கடைப்பிடிப்பதில்லை. 1918 செப்டம்பர் 23-ல் மைசூர், ஜோத்பூர் குதிரைப்படையினர் ஹைஃபா நகரைப் பிடித்ததை இந்திய ராணுவம் ஆண்டுதோறும் கொண்டாடுகிறது. 2018-ல் டெல்லியின் தீன் மூர்த்திச் சதுக்கத்துக்கு ஹைஃபாவின் பெயரையும் சேர்த்தார்கள். 1897-ல் சாராகடியில் மாண்ட 21 சீக்கியர்களைப் பற்றிச் சினிமா வந்தது. பிரதமர் மோடி 2015-ல் பிரான்சின் நியூவ் ஷாப்பெல் நினைவுச்சின்னத்திலும் 2025-ல் மார்செய் நகரின் போர்க் கல்லறையிலும் மலர்வளையம் வைத்தார். இவை தவறு என்று சொல்ல வரவில்லை. வெளிநாட்டுத் தலைவர் பக்கத்தில் நிற்கும்போது அந்தச் சிப்பாய் இந்திய வீரன், சொந்த நாட்டுத் தலைநகரில் அவன் காலனி அடையாளம் என்றால், அவனுக்கு மரியாதை தருவதை விட்டு அவனைப் பயன்படுத்திக்கொள்கிறோம். ராஜதந்திரத்துக்கு உதவுகிறவன் நினைவில் இருக்கிறான். உதவாதவன், அதாவது பர்மாக் காட்டில் மலேரியாவில் செத்த வட ஆற்காட்டுக்காரன், இல்லாமல் போகிறான்.

நினைவுச்சின்னங்கள் போரைப் புனிதமாக்குகின்றன, அடுத்த போருக்கு ஆள் சேர்க்கின்றன என்ற மறுப்பு மூன்றாவது. இதில் உண்மை இருக்கிறது. வெற்றித் தூண், குதிரைச் சிலை, பீரங்கி, மேடைப் பேச்சு இவற்றைக் கண்டு ஒதுங்குகிற மனத்தை நான் மதிக்கிறேன். ஆனால் பெயர்ப் பட்டியல் அந்த வகையைச் சேர்ந்ததல்ல. ரங்கூனுக்கு வெளியே தௌக்கியான் என்ற இடத்தில் பர்மா போரில் மாண்டு கல்லறை தெரியாமல் போன ஏறத்தாழ 27,000 பேரின் பெயர்களைத் தாங்கிய தூண்வரிசை இருக்கிறது. பெரும்பாலான பெயர்கள் இந்தியப் பெயர்கள். சிங்கப்பூர் கிராஞ்சியில் இன்னொரு 24,000. அந்தச் சுவர்களில் தொண்டையைக் கிழிக்கும் முழக்கம் எதுவும் கிடையாது. ஒரே குடும்பப் பெயர்கள், ஒரே ஊர்ச் சாயல் பெயர்கள், வரிசை வரிசையாக. போர் என்ன விலை கேட்கும் என்பதை அவ்வளவு நேரடியாகச் சொல்லும் வேறு ஆவணத்தை நான் அறியேன். எண் மட்டும் இருக்கும்போதுதான் போரைப் பற்றிப் பெருமையடித்துக்கொள்வது எளிது. 87,000 என்பது மேடையில் கம்பீரமாக ஒலிக்கும். எண்பத்தேழாயிரம் பெயரை ஒருவர் வாசிக்கத் தொடங்கினால் கூட்டம் எழுந்து போவதற்குள் அர்த்தம் புரிந்துவிடும்.

கடைசி மறுப்பு நடைமுறை சார்ந்தது: நூறாண்டு ஆகிவிட்டது, ஆவணம் எங்கே, பணம் எங்கே? ஆவணம் இருக்கிறது. காமன்வெல்த் ஆணையத்தின் இணையப் பட்டியலில் இரண்டாம் உலகப் போரில் மாண்டவர் பலருக்கு இன்னாரின் மகன், இன்னாரின் கணவர், வட ஆற்காடு அல்லது சேலம் அல்லது திருச்சி மாவட்டத்தில் இன்ன ஊர் என்பது வரை பதிவு உண்டு. எல்லாம் ஆங்கிலத்தில், அன்றைய பட்டாளத்து எழுத்தரின் காதில் விழுந்தபடி உள்ள எழுத்துக்கூட்டலில். முனுசாமி ஐந்து விதமாக இருப்பார், ஊர்ப் பெயர் ஆறு விதமாக இருக்கும். அதைப் படித்து எந்த ஊர் என்று கண்டுபிடிக்கத் தமிழும் பழைய தாலுகா எல்லையும் தெரிந்த ஆள் வேண்டும். லண்டனில் இருப்பவரால் முடியாத இந்த வேலை, செங்கல்பட்டிலோ திருப்பத்தூரிலோ உள்ள வரலாற்றுத் துறை மாணவருக்கு ஒரு பருவத்து ஆய்வேடு. பஞ்சாபில் செய்து காட்டியிருக்கிறார்கள். லாகூர் அருங்காட்சியகத்தில் யாரும் திறக்காமல் கிடந்த முதல் உலகப் போர்ப் பதிவேடுகளில் சுமார் 3,20,000 வீரர்களின் விவரம் ஊர்வாரியாக இருந்தது. பிரிட்டனில் வாழும் பஞ்சாபியரின் மரபு அமைப்பு ஒன்றும் கிரீனிச் பல்கலைக்கழகமும் சேர்ந்து அதைக் கணினியேற்றி 2021 முதல் பொதுமக்களுக்குத் திறக்கத் தொடங்கின. பேரன்கள் தங்கள் ஊரைத் தட்டிப் பார்த்துத் தாத்தாக்களைக் கண்டுபிடித்தார்கள். பிரிவினை குறுக்கே வரும், பாதிப் பேர் இன்று பாகிஸ்தானுக்கும் வங்கதேசத்துக்கும் உரியவர்கள் என்கிற சங்கடம் டெல்லிக்கு இருக்கலாம், தமிழ்நாட்டுக்கு இல்லை. வேலூர்ப் பக்கம் ராணுவப்பேட்டை என்றே பெயரெடுத்த கம்மவான்பேட்டை போன்ற ஊர்கள் எந்த எல்லைக்கோட்டுக்கும் அப்பால் போய்விடவில்லை.

ஆகவே தமிழ்நாடு அரசு டெல்லிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. தொல்லியல் துறையும் ஆவணக் காப்பகமும் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து, அன்றைய சென்னை மாகாணத்தின் தமிழ் மாவட்டங்களிலிருந்து இரண்டு உலகப் போர்களுக்கும் போய் மாண்டவர்களின் பட்டியலைத் தமிழில், ஊர்வாரியாக, யார் வேண்டுமானாலும் தேடும்படி உருவாக்கலாம். அதில் சிப்பாயோடு நிறுத்தக் கூடாது. கோவேறு கழுதை ஓட்டியவர், சமைத்தவர், துணி வெளுத்தவர் என்று பழைய ராணுவம் ‘பின்தொடர்வோர்’ கணக்கில் தள்ளிய எல்லோரும் வர வேண்டும். அவர்களையும் குண்டும் காலராவும் சமமாகவே நடத்தின. இந்திய தேசிய ராணுவத்தில் மாண்ட தமிழர்களையும் அதே பட்டியலில், எந்தப் படை என்ற குறிப்போடு சேர்க்க வேண்டும். பட்டியல் உறுதியான ஊர்களில், ஏற்கெனவே எண்ணோடு நிற்கும் பழைய கல்லை அகற்றாமல், அதன் பக்கத்தில் பெயர்களோடு ஒரு கல் வைக்கலாம். செலவு ஊராட்சியின் ஆண்டு வரவுசெலவில் அடங்கும். எந்தச் சாதிப் பெயர் முதலில் வரும் என்ற சண்டை கிளம்பும் என்று சொல்வார்கள். அகர வரிசையில் எழுதினால் போதும்.

இதில் அவசரம் ஒன்று உண்டு. இரண்டாம் உலகப் போரில் பணியாற்றி ஓய்வூதியம் இல்லாதவர்களுக்கும் அவர்களின் விதவைகளுக்கும் மாநில அரசு மாதந்தோறும் ஒரு தொகை கொடுத்து வருகிறது. மாவட்டந்தோறும் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகங்களில் அதற்கான கோப்புகள் இருக்கின்றன: படைவிலகல் சான்றின் நகல், எண், பிரிவு, சில நேரம் கூடப் போன ஆட்களைப் பற்றி விண்ணப்பத்தில் எழுதிய ஒரு வரி. பயனாளி இறந்ததும் கோப்பு முடிக்கப்படுகிறது, முடிந்த கோப்பு சில ஆண்டுகளில் கழிவுக்குப் போகிறது. அந்த விதவைகளில் பலர் இன்று தொண்ணூறைத் தாண்டியவர்கள். நலத்துறை ஒரு சுற்றறிக்கை அனுப்பி அந்தக் கோப்புகளை அழிக்காமல் நிறுத்தி வைக்கச் சொன்னால் போதும். பட்டியல் வேலையை அங்கிருந்தே தொடங்கலாம்.